சுளுக்குக்கும் ஸ்கேனுக்கும் நடுவே: சேலம், நாமக்கல் சமவெளியின் விளையாட்டுக் காயங்கள்

2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேன் காபா மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான நான்காவது டெஸ்ட் தொடங்கியபோது, இந்திய அணியின் முன்னணிப் பந்துவீச்சாளர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே காயத்தில் கிடந்தார்கள். ஷமிக்கு முன்கை எலும்பு முறிவு. உமேஷ் யாதவுக்குக் கெண்டைக்கால், பும்ராவுக்கு வயிற்றுத் தசை, அஸ்வினுக்கு முதுகு, ஜடேஜாவுக்குக் கட்டைவிரல். வலைப்பயிற்சியில் பந்து போடக் கூட்டிச் செல்லப்பட்ட சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் அன்று டெஸ்ட் வீரர் ஆனார். முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட் எடுத்தார். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான். பிறர் காயத்தால் திறந்த கதவு அது. அடுத்த ஏப்ரலிலேயே அவருக்கும் முழங்காலில் அறுவைசிகிச்சை நடந்தது.

அவருக்குப் பின்னால் கிரிக்கெட் வாரியம் இருந்தது, அதன் மருத்துவர்களும் ஃபிசியோக்களும் இருந்தார்கள். அதே சமவெளியில் ஓமலூரிலோ ராசிபுரத்திலோ ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்து ஆடி முட்டியைத் திருகிக்கொள்ளும் லேத் பட்டறைத் தொழிலாளிக்கு என்ன இருக்கிறது? கோயில் திருவிழாக் கபடியில் கணுக்கால் பிசகிய பாலிடெக்னிக் மாணவனுக்கு என்ன இருக்கிறது? பெரும்பாலும் இரண்டே வழிகள். ஒன்று, ஊரில் சுளுக்கு எடுப்பவர். அவரால் ஆகவில்லை என்றால் நகரத்து ஸ்கேன் மையம். இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய வேலை ஒன்று இருக்கிறது. என்ன காயம் என்று பிரித்தறிய வேண்டும், முதல் சில நாள் அதைக் கெடுக்காமல் காக்க வேண்டும், பிறகு வாரக்கணக்கில் பயிற்சி செய்து வலுவை மீட்க வேண்டும். கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளின் விளையாட்டு மருத்துவ ஆய்வுகளைப் படித்தால், ஆட்டக்காரரைத் திரும்பக் களத்துக்குக் கொண்டுவருவது இந்த நடுவேலைதான் என்பது மறுபடி மறுபடி தெரிகிறது. அதில் பெரும்பகுதிக்குக் காசே தேவையில்லை. நம் ஊர்களில் கிடைக்காமல் இருப்பதும் அதுதான்.

முதலில், இங்கே யார் அடிபடுகிறார்கள் என்று பார்ப்போம். கபடி ஆடுகிறவர்களுக்கு முழங்கால், கணுக்கால், தோள்பட்டை, விரல்கள். பாடிப் போகிறவரின் ஒரு கால் தரையில் ஊன்றியிருக்க, நான்கு பேர் அவரை இழுத்துத் திருப்புகிறார்கள். முழங்கால் ஜவ்வு கிழிவதற்கு இதைவிடத் தோதான நிலை வேறில்லை. வாலிபாலில் எகிறி அடித்துவிட்டு எதிரணிக்காரரின் பாதத்தின் மேல் இறங்குவதால் கணுக்கால் போகிறது. கிரிக்கெட்டில் வேகப்பந்து போடும் சிறுவர்களுக்கு இடுப்பு முதுகெலும்பு. சேலம் காந்தி மைதானத்தில் நடப்பவர்கள், அலுவலகம் முடிந்து ஷட்டில் ஆடும் நாற்பது வயதுக்காரர்கள் ஆகியோருக்குக் குதிகால் நாண்.

யாரும் விளையாட்டு வீரர் என்று எண்ணாத ஒரு பெருங்கூட்டமும் உண்டு. விடியற்காலையில் புறவழிச் சாலை ஓரங்களிலும் அரசுப் பள்ளி மைதானங்களிலும் காவலர் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் ஓடுகிற இளைஞர்களும் இளம்பெண்களும். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு ஓடத் தொடங்குகிறவர்களே அதிகம். இவர்களின் காயத்துக்குப் பின்னால் வேலையும் குடும்பத்தின் எதிர்பார்ப்பும் இருப்பதால் நொண்டிக்கொண்டே ஓடுகிறார்கள். இவர்களைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

கணுக்காலை எடுத்துக்கொள்வோம். விளையாட்டுகளில் மிக அதிகம் அடிபடும் இடங்களில் அதுவும் ஒன்று. பாதம் உள்பக்கமாக மடங்க, வெளிப்பக்க ஜவ்வு இழுபடுகிறது அல்லது கிழிகிறது. நாம் எல்லாவற்றையும் ‘சுளுக்கு’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அதற்குள் எலும்பு முறிவும் ஒளிந்திருக்கலாம். அதைப் பிரித்தறியக் கனடாவின் ஒட்டாவா நகரத்தில் இயன் ஸ்டீல் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 1992-இல் சில எளிய விதிகளை வகுத்தார்கள். கணுக்காலின் இரண்டு பக்கமும் புடைத்திருக்கும் எலும்புகளின் பின்விளிம்பை, கீழ்நுனியிலிருந்து மேலே 6 சென்டிமீட்டர் வரை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். பாதத்தின் வெளியோரம் நடுவில் துருத்தும் எலும்பையும், உள்பக்க வளைவின் உச்சியில் உள்ள எலும்பையும் அழுத்த வேண்டும். இந்த இடங்களில் எலும்பின் மேல் வலி இல்லை, அடிபட்ட உடனேயும் பரிசோதிக்கும்போதும் நொண்டியாவது நான்கு அடி எடுத்துவைக்க முடிகிறது என்றால், முறிவு இருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. எக்ஸ்ரேகூட வேண்டாம். இவற்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். சிறு குழந்தைகள், குடித்திருப்பவர்கள், சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் ஆகியோருக்கு இந்த விதி செல்லாது. ஒரு உடற்கல்வி ஆசிரியர் அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய பரிசோதனை இது.

நம் ஊரில் இந்தப் பரிசோதனைக்கு முன்பே எண்ணெய் வந்துவிடுகிறது. சுளுக்கு எடுப்பவர்களை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இரவு பத்து மணிக்கும் கதவைத் திறக்கிறார்கள், அடிபட்ட இடத்தைத் தொட்டுப் பார்க்கிறார்கள், ஆறுதலாக நாலு வார்த்தை பேசுகிறார்கள், கொடுத்ததை வாங்கிக்கொள்கிறார்கள். டோக்கன் போட்டுக் காத்திருந்து இரண்டு நிமிடத்தில் மாத்திரைச் சீட்டோடு வெளியே வருகிறவருக்கு இந்த நான்கும் பெரிய விஷயங்கள். ஆந்திரத்துப் புத்தூர் கட்டுக்கு இங்கிருந்து இன்றும் ஆட்கள் போவதற்கு இதுவும் ஒரு காரணம். அசையாமல் கட்டிவைத்தால் சில வகை முறிவுகள் தாமாகவே கூடிவிடும். அந்த வெற்றிகள்தான் ஊருக்குள் கதையாகச் சுற்றுகின்றன.

சுற்றாத கதைகள் வேறு. கிழிந்த ஜவ்வை முதல் இரண்டு நாளில் அழுத்தி நீவினால் உள்ளே ரத்தக் கசிவும் வீக்கமும் கூடும். கபடியில் தொடையில் முட்டி மோதி ரத்தம் கட்டிய இடத்தை எண்ணெய் போட்டு நீவினால், சில வாரங்களில் தசைக்குள்ளேயே எலும்பு வளரத் தொடங்கிவிடும் ஆபத்து உண்டு. முழங்கை மூட்டு நழுவியவர்களுக்கும் இதே கதிதான், கை முழுதாக மடங்காமலே போகலாம். தொடையில் பலமாக அடிபட்டால் செய்ய வேண்டியது நேர் எதிரானது: முழங்காலை வலி தாங்கும் அளவுக்கு நன்றாக மடக்கி, அந்த நிலையிலேயே துணியால் கட்டி, முதல் நாள் முழுக்க வைத்திருக்க வேண்டும். தோள்மூட்டு நழுவினால், உடன் ஆடுகிறவர்கள் இழுத்துப் போடவே கூடாது. எக்ஸ்ரே பார்த்து, மயக்கமோ வலிமருந்தோ கொடுத்து மருத்துவர் போட வேண்டிய மூட்டு அது. இருபது வயதுக்குள் ஒருமுறை நழுவிய தோள் மறுபடி நழுவும் வாய்ப்பு மிக அதிகம். பயிற்சியால் தோளைச் சுற்றியுள்ள தசைகளை வலுவாக்காமல் களமிறங்கக் கூடாது.

ஐஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வு, ஐஸ், கட்டு, காலைத் தூக்கிவைத்தல் என்ற நான்கையும் 1978-இல் தன் புத்தகத்தில் ஒரே சூத்திரமாகச் சொன்னவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. 2014 வாக்கில் அவரே முன்வந்து, ஐஸும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். அடிபட்ட இடத்தில் வரும் வீக்கமும் சூடும் ஆறும் வேலையின் தொடக்கம் என்பது இப்போது தெரிந்திருக்கிறது. அதனால் ஐஸின் வேலை வலியைக் குறைப்பது மட்டும்: துணியில் சுற்றி, 10 முதல் 15 நிமிடம், முதல் ஓரிரு நாள். புளிப் பத்தும் முட்டைப் பத்தும் போடுகிறவர்கள் போடட்டும், புண் இல்லாத தோலில் அதனால் பெரிய கேடு இல்லை. ஆனால் அதை வேலை முடிந்ததாக எடுத்துக்கொள்வதில்தான் கேடு இருக்கிறது. இப்போதைய பரிந்துரைகள் ஒரே திசையில் போகின்றன: இரண்டு மூன்று நாள் காத்துக்கொள், பிறகு வலி அனுமதிக்கும் அளவுக்கு நட, அசை, எடை கொடு. ஒரு மாதம் மாவுக்கட்டில் கிடந்த சாதாரணச் சுளுக்கைவிட, சில நாளில் நடக்கத் தொடங்கிய சுளுக்கு சீக்கிரம் சரியாகிறது.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியதைத்தான் இங்கே யாரும் சொல்லித் தருவதில்லை. ஒருமுறை பிசகிய கணுக்கால் மறுபடி மறுபடி பிசகும், ஏனென்றால் கிழிந்த ஜவ்வோடு மூட்டின் நிலையை மூளைக்குச் சொல்லும் உணர்வும் மங்கிவிடுகிறது. அதைத் திரும்ப எழுப்ப ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். முதலில் சுவரைத் தொட்டபடி அரை நிமிடம், பிறகு தொடாமல், பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பிறகு மடித்த போர்வையின் மேல், பிறகு ஒற்றைக்காலில் நின்றபடியே பந்தைப் பிடித்து எறிந்துகொண்டு. காலையும் மாலையும் ஐந்து நிமிடம், ஆறு முதல் எட்டு வாரம். பல் துலக்கும் நேரமே போதும். ஏற்கெனவே பிசகியவர்கள் ஆட்டத்தின்போது கணுக்கால் பட்டையோ டேப்போ போட்டுக்கொண்டால் மறு காயம் கணிசமாகக் குறைவதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

கட்டுப் போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை, இது உயிர் சம்பந்தப்பட்டது. 2022 நவம்பரில் சென்னையில் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருவர் இறந்தார். முழங்கால் ஜவ்வுக்கு நுண்துளை அறுவைசிகிச்சை செய்துகொண்ட பிறகு போட்ட அழுத்தக் கட்டு இறுக்கமாக இருந்ததில் ரத்த ஓட்டம் நின்று, காலை எடுக்க நேர்ந்து, அதன் பின்னும் காப்பாற்ற முடியவில்லை. மருத்துவமனையிலேயே இப்படி நடக்கும் என்றால், மூங்கில் பத்தை வைத்து இறுக்கிய கட்டும், வீக்கம் ஏறுவதற்கு முன் சுற்றிய கிரேப் பேண்டேஜும் என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். கட்டுத் துணியை விரல்பக்கத்திலிருந்து மேல்நோக்கி, ஒரு சுற்று அடுத்ததன் பாதியை மூடும்படி சுற்ற வேண்டும். விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும். நகத்தை அழுத்திவிட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். காயத்துக்குப் பொருந்தாத அளவுக்கு வலி ஏறிக்கொண்டே போவது, விரலை லேசாக நீட்டினாலே உயிர் போகும் வலி, மரத்துப்போதல், விரல் வெளுத்துச் சில்லிடுதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் கட்டை அந்த நிமிடமே அவிழ்த்துவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்தால் தசை செத்துப்போகும். அதற்குச் சில மணி நேரமே போதும். “வலிச்சாதான் கட்டு நல்லா பிடிக்கும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்து முழங்கால். அதற்குள் குறுக்காக ஓடும் முன் ஜவ்வு கிழிவதுதான் இளம் ஆட்டக்காரர்களின் பெரும் பயம். ‘டப்’ என்று ஒரு சத்தம், ஓரிரு மணி நேரத்தில் முட்டி முழுக்க வீக்கம், வீக்கம் வடிந்த பிறகும் திரும்பும்போது கால் நழுவுகிற உணர்வு. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் ஜவ்வு கிழிந்திருக்கவே வாய்ப்பு அதிகம். கைதேர்ந்த மருத்துவர் கையாலேயே கண்டுபிடித்துவிடுவார். ஸ்கேன் அதை உறுதிப்படுத்தவும் பிறை வடிவக் குருத்தெலும்பு கிழிந்திருக்கிறதா என்று பார்க்கவும்தான். ஆனால் நம் ஊரில் ஸ்கேன் முதலில் வருகிறது, கையால் பார்ப்பது பிறகு வருகிறது, அல்லது வருவதே இல்லை.

கிழிந்தால் அறுவைசிகிச்சைதானா? ஸ்வீடனில் 121 இளைஞர்களை இரண்டாகப் பிரித்து ஆய்வு செய்து 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பாதிக்கு உடனே அறுவைசிகிச்சையும் பயிற்சியும். மறு பாதிக்கு முதலில் பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பிறகு அறுவைசிகிச்சை. இரண்டு ஆண்டு கழித்து இரு தரப்பின் முழங்கால் நிலையிலும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அப்படியே. பயிற்சியோடு தொடங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அறுவைசிகிச்சையே தேவைப்படவில்லை. இதை வைத்து எல்லோரும் கத்தியைத் தவிர்க்கலாம் என்று சொல்ல மாட்டேன். திரும்பத் திரும்பக் கால் நழுவுகிறவர்கள், கபடியையே பிழைப்பாகக் கொண்டவர்கள், குருத்தெலும்பும் சேர்ந்து கிழிந்தவர்கள் ஆகியோருக்கு அறுவைசிகிச்சை வேண்டியிருக்கும். மற்றவர்கள் நல்ல ஃபிசியோவிடம் மூன்று மாதம் பயிற்சி எடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். நகை அடகு வைத்து அடுத்த வாரமே படுத்துவிட வேண்டிய அவசரம் பெரும்பாலும் இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இடமிருக்கிறது. எந்தச் சிகிச்சை எந்த மருத்துவமனையில் அதில் சேரும் என்று தேதி குறிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அறுவைசிகிச்சை ஆனவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: ஒன்பது மாதம். நார்வேயில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒன்பது மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறு காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அடிபட்ட காலின் தொடை வலு மற்றக் காலின் வலுவில் 90 விழுக்காட்டையாவது எட்டியிருக்க வேண்டும். ஒற்றைக்காலில் தாவி அளந்து பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும், அளவு நாடா ஒன்று போதும். தையல் பிரித்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்து, ஐந்தாவது மாதம் மாரியம்மன் திருவிழாப் போட்டியில் இறங்கி, போட்ட ஜவ்வையும் அறுத்துக்கொள்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அதுவரை செலவழித்த பணமும் அம்மா கழற்றிக் கொடுத்த நகையும் ஒரே ஆட்டத்தில் போய்விடுகின்றன.

தடுப்பதைப் பற்றி ஆய்வு சொல்வது இன்னும் தெளிவானது. 2014-இல் 25 ஆய்வுகளையும் 26,000-க்கும் மேற்பட்டவர்களையும் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பில், ஆட்டத்துக்கு முன் தசையை இழுத்து நீட்டி நிற்பதால் காயம் குறைந்ததாகத் தெரியவில்லை. வலுப்பயிற்சியோ காயங்களை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்திருந்தது. நம் பள்ளி மைதானங்களில் இன்றும் குனிந்து கால் விரலைத் தொட்டுப் பத்து எண்ணுவதுதான் ‘வார்ம் அப்’. அந்த நேரத்தை வேறு விதமாகச் செலவிடலாம். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு உருவாக்கிய 11 பிளஸ் என்ற 20 நிமிடப் பயிற்சித் தொகுப்பை நார்வேயில் 1,892 இளம்பெண்களிடம் சோதித்து 2008-இல் முடிவு வெளியிட்டார்கள். மொத்தக் காயங்கள் மூன்றில் ஒரு பங்கும், கடுமையான காயங்கள் ஏறத்தாழ பாதியும் குறைந்திருந்தன. மெது ஓட்டம், குந்தி எழுதல், பலகை போல் உடலைத் தாங்கி நிற்றல், ஒற்றைக்கால் சமநிலை, எகிறி இறங்கும்போது முழங்காலை உள்பக்கம் சாயவிடாமல் மென்மையாக மடக்குதல், கடைசியில் வேக ஓட்டமும் திசைமாற்றமும். கருவி ஒன்றும் வேண்டாம். கபடிக்கும் வாலிபாலுக்கும் இது அப்படியே பொருந்தும். பெண்களின் முன் ஜவ்வு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் கிழிகிறது என்பதால், மகளிர் அணிகளுக்கு இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து.

அந்த 11 பிளஸ் தொகுப்பில் ஒரு பயிற்சியை மட்டும் விளக்குகிறேன். ஒருவர் மண்ணில் துண்டு போட்டு மண்டியிடுகிறார். நண்பர் பின்னால் உட்கார்ந்து அவர் கணுக்கால்களைத் தரையோடு அழுத்திப் பிடிக்கிறார். மண்டியிட்டவர் இடுப்பை மடக்காமல், தலை முதல் முட்டி வரை நேர்கோட்டில் வைத்து, முடிந்தவரை மெதுவாக முன்னால் சாய்கிறார். தொடையின் பின்தசை நடுங்கத் தொடங்கும். தாங்க முடியாத இடத்தில் இரண்டு கையையும் ஊன்றி விழுந்து, கையால் தள்ளித் திரும்ப எழ வேண்டும். முதல் வாரம் நாளுக்கு ஐந்து முறை போதும், அடுத்த நாள் தொடை கடுகடுக்கும். இதைத் தொடர்ந்து செய்கிற அணிகளில் பின்தொடைத் தசைக் கிழிவு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. வேகப்பந்து போடுகிறவர்களுக்கும் 100 மீட்டர் ஓடுகிறவர்களுக்கும் இதைவிடப் பயனுள்ள பயிற்சி சொல்வது கடினம்.

இப்போது காவலர், ராணுவத் தேர்வுகளுக்கு ஓடுகிறவர்களுக்கு வருகிறேன். அறிவிப்பு வந்ததும் ஒரே வாரத்தில் தினம் ஐந்து கிலோமீட்டர் என்று தொடங்குகிறார்கள். மூச்சும் இதயமும் சீக்கிரம் பழகிக்கொள்கின்றன. எலும்பு அப்படியில்லை. புதுச் சுமை வந்தால் அது பழைய பகுதியை முதலில் கரைத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டும், அந்த இடைவெளி வாரங்களில் பலவீனமாக இருக்கும். மூன்று நான்கு வாரம் கழித்து முன்னங்கால் வலி வருவது அதனால்தான். வலி கால் எலும்பின் உள்விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பரவியிருந்தால், ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து, கெண்டைக்காலுக்கு வலுப்பயிற்சி கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். ஒரே விரலால் தொட்டுக் காட்டும் அளவுக்கு ஒரே இடத்தில் வலித்தால், ஒற்றைக்காலில் குதித்தால் அந்த இடம் சுரீரென்றால், இரவிலும் வலித்தால் எலும்பில் மயிரிழைக் கீறல் விழுந்திருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் அது தெரியாமலே போகலாம். ‘எக்ஸ்ரே நார்மல்’ என்ற சொல்லை நம்பி ஓடினால் கீறல் முறிவாகும். தேர்வுக்குக் குறைந்தது நான்கு மாதம் முன்பே தொடங்குவது, வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டுவது, வாரம் ஒன்றிரண்டு நாள் ஓடாமல் இருப்பது, தார் ரோட்டைவிட மண்ணில் ஓடுவது: இவ்வளவே தேவை.

பெண்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. எடை குறையட்டும் என்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு கடுமையாக ஓடும்போது மாதவிடாய் நின்றுபோனால், அதைச் சௌகரியம் என்று எண்ணிவிடக் கூடாது. உடல் எலும்பைக் கட்டக் காசில்லாமல் இருக்கிறது என்று அறிவிக்கிறது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இதைத் தனி நோய்க்குறியாகவே அடையாளப்படுத்தியது. இந்தியாவுக்கே முட்டை அனுப்பும் நாமக்கல்லில் ஓடுகிற பெண்பிள்ளை, தட்டில் முட்டை இல்லாமல் ஓடக் கூடாது.

குதிகால் நாண் வலிக்கு ஸ்வீடன் மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரெட்சன் 1998-இல் தந்த பயிற்சி இன்றும் அடிப்படை. அவருக்கே அந்த வலி இருந்தது. அறுவைசிகிச்சை கேட்டார், மறுத்துவிட்டார்கள். நாண் அறுந்தாவது போகட்டும், அப்போது செய்துதானே ஆக வேண்டும் என்று வலிக்க வலிக்கப் பயிற்சி செய்தார், வலி போய்விட்டது. படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தால் நின்று, வலிக்கிற காலின் குதிகாலை மெதுவாகக் கீழிறக்க வேண்டும். மேலே எழ மற்றக் காலைப் பயன்படுத்த வேண்டும். முட்டியை நீட்டி 15 முறை வீதம் மூன்று சுற்று, லேசாக மடக்கி மூன்று சுற்று, காலை மாலை இரு வேளை, 12 வாரம். இதே நாணிலும், முழங்கை வெளிப்பக்க வலியிலும் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் கவனிக்க வேண்டும்: முழங்கையில் அது ஆறு வாரத்துக்குச் சுகம் தருகிறது, ஓராண்டு கழித்துப் பார்த்தால் ஊசி போடாதவர்களைவிட மோசமாக இருக்கிறார்கள். ஆட்டத்துக்கு முன் டைக்ளோஃபெனாக் ஊசி போட்டு இறங்கும் பழக்கம் இன்னும் கெட்டது. வலி மறைகிறது, காயம் வளர்கிறது, வியர்த்து வறண்ட உடலில் சிறுநீரகமும் அடிவாங்குகிறது.

விரல் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை, ஏனென்றால் வாலிபால் ஊர்களில் கோணல் விரல்கள் அத்தனை இருக்கின்றன. பந்து நுனியில் மோதி, விரலின் கடைசிக் கணு தொங்கிப்போய், தானாக நிமிர்த்த முடியவில்லை என்றால் நாண் அறுந்திருக்கிறது. எக்ஸ்ரேயில் பெரிய முறிவு இல்லையென்றால் ஒரு சிறு பிளாஸ்டிக் பட்டையால் அந்தக் கணுவை நேராக வைத்து ஆறு முதல் எட்டு வாரம் இரவும் பகலும் கட்டியிருக்க வேண்டும். குளிக்கக் கழற்றும்போதுகூட மடங்கவிடக் கூடாது. ஒருமுறை மடங்கினால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். சில பத்து ரூபாயில் முடிகிற சிகிச்சை இது.

தலையிலும் வெயிலிலும் மட்டும் நிதானத்துக்கு இடமில்லை. 2020 டிசம்பர் 4 அன்று கான்பெராவில் நடராஜன் முதல் டி20 ஆடிய அதே ஆட்டத்தில் ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பந்து பட்டது. மூளை அதிர்ச்சிக்கான மாற்று வீரராக சஹல் வந்து மூன்று விக்கெட் எடுத்தார். அந்த விதி 2019-இல்தான் சர்வதேச ஆட்டங்களுக்கு வந்தது. நம் கபடிக் களத்தில் தலை மோதி ஒரு கணம் தடுமாறியவர் முகத்தில் தண்ணீர் தெளித்து மறுபடி இறக்கப்படுகிறார். அன்று அவர் மறுபடி ஆடக் கூடாது, எவ்வளவு தெளிவாகப் பேசினாலும். வாந்தி, ஏறும் தலைவலி, குழப்பம், கைகால் பலவீனம் வந்தால் 108-ஐ அழைக்க வேண்டும். 2022 ஜூலையில் கடலூர் மாவட்டக் கபடிக் களத்திலேயே ஒரு இளைஞர் உயிர் போனதை நாம் மறந்திருக்க மாட்டோம். ஏப்ரல், மே மாதங்களில் சேலம் 40 டிகிரியைத் தாண்டுகிறது. ஓடியவர் உளறினாலோ தள்ளாடினாலோ அது சாதாரண மயக்கம் அல்ல. நிழலில் படுக்கவைத்து, சட்டையைக் கழற்றி, கிடைக்கிற தண்ணீரை எல்லாம் ஊற்றி விசிற வேண்டும். குளிர்விப்பது முதலில், வண்டியில் ஏற்றுவது அடுத்து. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. வெயிலுக்கு உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் பிடிக்கும்.

தூக்கமும் காயத்தைத் தடுக்கிறது. எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கும் பள்ளி விளையாட்டு வீரர்களுக்குக் காயம் 1.7 மடங்கு என்று 2014-இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. விடிய விடிய நடக்கும் போட்டிகளில் கடைசி ஆட்டங்கள் அதிகாலை நான்கு மணிக்கு நடக்கின்றன. களைத்த கால்களோடு அரையிறுதியும் இறுதியும் அடுத்தடுத்து ஆடும் அணிகளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

யாரால் என்ன முடியும்? பாராலிம்பிக் வீரர் மாரியப்பன் தங்கவேலுவும் நடராஜனும் சேலம் மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து உலக மேடை ஏறியவர்கள், பிள்ளைகளின் ஆர்வத்துக்குப் பஞ்சமில்லை. 2020-இல் வாழப்பாடியில் கிரிக்கெட் மைதானம் திறக்கப்பட்டது. அரசு கிராம ஊராட்சிகளுக்கு விளையாட்டு உபகரணங்கள் கொடுக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஃபிசியோதெரபிஸ்டுகள் வீட்டுக்கே போகிறார்கள். பக்கவாதம் வந்த பெரியவருக்குக் கை நீட்டச் சொல்லித் தரும் அதே ஃபிசியோ, மாதம் ஒரு மாலை ஊர் மைதானத்தில் உட்கார்ந்தால் ஐம்பது பிள்ளைகளின் கணுக்காலைப் பார்த்துவிடலாம். உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒட்டாவா விதிகளையும் 11 பிளஸ் பயிற்சியையும் கற்றுத்தர ஒரு நாள் முகாம் போதும். சுளுக்கு எடுப்பவர்களையும் அந்த முகாமுக்கு அழைக்க வேண்டும் என்பேன், ஏனென்றால் முதல் ஆளாகப் பார்க்கிறவர்கள் அவர்கள்தான். எந்தக் காலைத் தொடாமல் அனுப்ப வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டால் பாதிச் சேதம் நின்றுவிடும்.

போட்டி நடத்தும் இளைஞர் மன்றங்களுக்கும் விழாக் குழுக்களுக்கும் என் வேண்டுகோள் இது. நன்கொடை வசூலில் ஒரு சிறு பங்கை ஐஸ் பெட்டிக்கும், கிரேப் பேண்டேஜ்களுக்கும், தூக்குப் படுக்கைக்கும், ஒரு ஃபிசியோவின் போக்குவரத்துச் செலவுக்கும் ஒதுக்குங்கள். நள்ளிரவுக்கு மேல் ஆட்டம் வைக்காதீர்கள். தலையில் அடிபட்டவரை மறுபடி இறக்க மாட்டோம் என்று தொடக்கத்திலேயே மைக்கில் அறிவியுங்கள். அடுத்த போட்டிக்கு நோட்டீஸ் அடிக்கும்போது, முதல் பரிசு, இரண்டாம் பரிசு வரிகளுக்குக் கீழே முதலுதவிப் பொறுப்பாளரின் பெயரையும் செல்பேசி எண்ணையும் சேர்த்து அச்சிடுங்கள்.